மைதானத்துக்கு வந்த ஊசி

"ஊசிப் பெட்டியோட என் மைதானத்துல கால் வச்சே, அக்கான்னு கூடப் பாக்கமாட்டேன்!"

ரக்பி கோச் எடுவாலே போட்ட சத்தத்தில், பந்தோடு ஓடிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நர்ஸ் மகெரிட்டாவா நிற்பாள்? குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடுக்கோட்டுக்கே வந்துவிட்டாள்.

எங்கள் சமோவாவில் அக்கா, தம்பி என்றால் அவ்வளவு மரியாதை. எதிர்த்துப் பேசுவதும் கிடையாது, வளர்ந்த பிறகு ஒருவர் உடம்பை ஒருவர் தொடுவதும் கிடையாது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

"பழைய நர்ஸ் ஆப்பியா ஆஸ்பத்திரிக்கு மாத்தலாகிப் போறவரைக்கும் மாசா மாசம் ஊசி ஒழுங்கா நடந்துச்சு" என்றாள் மகெரிட்டா. "நான் வந்ததிலேருந்து ஒரு ஆள் டிமிக்கி குடுக்குது. தொண்டைவலியில ஆரம்பிச்ச காய்ச்சல்தான் இதய வால்வைக் கெடுத்து வச்சிருக்கு. பெனிசிலின் ஊசியை விட்டுட்டு இன்னொரு காய்ச்சல் வந்துச்சு, ஆளே போயிடும்!"

"நாளைக்கு ஃபைனல்! இடுப்புல குத்தி நொண்ட விடலாம்னு பாக்கறியா? என் பசங்க மேல கை வச்சுப் பாரு!" கத்திய கத்தலில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

கோட்டுக்கு வெளியிலிருந்து மாதர் சங்கத் தலைவி செஃபினா கூப்பாடு போட்டாள். "ஏய் மகெரிட்டா! தம்பிகிட்ட மல்லுக்கு நிக்கிறியே, வழக்கம் என்னாகிறது? வாடி இந்தப் பக்கம்!"

"வழக்கத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா ஆளைப் பொதைச்சிட்டு அழ வேண்டியதுதான், பெரியம்மா! பாதிரியாரைக் கூப்பிடுங்க, போலீஸைக் கூப்பிடுங்க, எனக்கென்ன? குத்தாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

சொன்னதோடு நடுக்கோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, கை அதுபாட்டுக்கு ஊசியில் மருந்தை உறிஞ்சியது.

எடுவாலே பையன்களை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தான். "தைரியம் இருந்தா ஊர் முன்னாடி சொல்லேன்! எவனுக்கு ஊசி? எவன்?"

மகெரிட்டா எழுந்து அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஊசி போட வேண்டிய பசங்க எல்லாம் காலையிலேயே போட்டுக்கிட்டானுங்க. நீ திரும்புடா தம்பி!"