ஆறு படமும் இன்னும் முடியலை

"தள்ளுய்யா! உள்ளே வேலை நடக்குதா, நீ கதை அளக்குறியான்னு நானே பார்க்கிறேன்."

வாடிக்கையாளன் எகிறிக்கொண்டு வந்தான். பிரேம் கடைக்காரர் உள்ளறைத் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"உள்ளே பூரா கண்ணாடிச் சில்லு சார். கால்ல ஏறிடும்."

"நாலு வாரமா இதையே சொல்றே. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவளை இங்கே காவலுக்கு உட்கார வெச்சிட்டு ஷேவிங்குக்குப் போறேன். திரும்பி வந்தா ஒரு ஆணிகூட அடிச்சிருக்க மாட்டே. ஏண்டி, நீ இங்கே தூங்குறியா?"

கூட வந்த அவன் மனைவி கைப்பை வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க சார், நுணுக்கமான வேலை..."

"படம் அப்படி! நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல வரைஞ்சது. அச்சுப் பிரதிதான், ஆனா அந்தப் பொண்ணுங்க முகத்தைப் பார்த்தியா? ஒருத்தி ஆத்துல மிதக்கிறா, ஒருத்தி ஜன்னலே கதின்னு கிடக்கிறா. எவளாவது வாயைத் திறக்கிறாளா? பொம்பளைன்னா அப்படி இருக்கணும்."

"முடிஞ்சதும் மேடத்துக்கு போன் பண்றேன் சார்."

"இவளுக்கு ஏது போன்? இவ அம்மாக்காரி பேசிப் பேசியே இவளைக் கெடுத்தா. ரெண்டு வருஷமா அந்தப் போக்குவரத்தையே வெட்டிட்டேன்."

திரைக்குப் பின்னால் ஏதோ உரசியது.

மனைவியின் முகம் வெளுத்துப் போனது.

"யாரு உள்ளே?"

"சட்டம் சரிஞ்சிருக்கும் சார்." கடைக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"படம் கிழிஞ்சா உன்னைக் கிழிச்சிடுவேன்!" அவன் கை திரையைப் பிடித்துவிட்டது.

தெருவில் ஹாரன் அலறியது. "யாருய்யா இந்த வண்டி? நடு வழியில நிக்குது!"

அவன் வண்டிதான். பல்லைக் கடித்தான்.

"வண்டியை ஓரங்கட்டிட்டு, ஷேவிங்கை முடிச்சிட்டு வர்றேன். அரை மணி நேரம். பக்கத்து சலூன்ல எனக்குச் சுத்தியல் சத்தம் கேட்கணும். ஆறு படத்துக்கும் ஆணி அடிச்சு முடி!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். கடைக்காரர் பத்து எண்ணும் வரை அசையவில்லை.

"ஓடும்மா உள்ளே. காலையில இருந்து உங்க அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் திரையை விலக்கி ஓடினாள்.

அவர் ஒரு வெறும் பலகையை இழுத்துப் போட்டு, சலூன் வரைக்கும் கேட்கிற மாதிரி ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த ஆறு படத்தில் மட்டும் ஓர் ஆணிகூட இறங்கவில்லை.