தம்பியின் முகவரி

மேசைக்குப் பின்னால் டாக்டர் அம்மா. எதிரே முப்பத்தெட்டு வயது கோமதிநாயகமும், புதிதாய்ப் பிறந்த மகனை மடியில் வைத்தபடி மனைவி செண்பகமும். மருத்துவமனை சார்பில் நோயாளிகளின் உறவினர்களுக்குக் கடிதம் எழுதும் நான் ஜன்னலோரம். இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மரபணுவையும் வாசித்து, அதில் என்ன நோய் இருக்கிறதென்று சொன்ன பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"பையனுக்கு நாப்பது வயசுக்கு மேல கை நடுங்க ஆரம்பிக்கும். அப்புறம் நடை போயிடும். இது அப்பாகிட்டயிருந்து வந்தது," என்றார் டாக்டர்.

"அப்போ மொதல்ல எனக்குத்தான்," என்றார் கோமதிநாயகம்.

"உங்க தம்பிக்கும் இருக்கலாம். சோதிச்சுப் பாக்கச் சொல்லி எழுதணும்."

"அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம், மேடம். முடியட்டுமே."

"அந்தப் பொண்ணும் என்னைய மாதிரி பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு இங்க வந்து உக்காரணுமா?" என்றாள் செண்பகம்.

நான் எழுதிய கடிதத்தைக் கோமதிநாயகம் இருமுறை படித்தார். "உறை மேல முகவரிய நானே எழுதுறேன். என் கையெழுத்துன்னா உடனே பிரிப்பான்."

அவர் முகவரி எழுதி முடிக்கும்வரை செண்பகம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறையை ஒட்டி, அன்றைய தபாலில் சேர்த்தேன்.