நாலாவது திட்டு

தம்பி போனை வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டான். அக்காவின் சைரன் கம்பெனியில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள்.

“அக்கா, இதோட மூணு பேர். காலைல நாலு இடத்துலயும் வெள்ள சைரனை ஊதிப் பார்த்தோமே, அதுக்கு வாய்க்கு வந்தபடி திட்டுறாங்க. சத்தத்தைக் குறைக்கிறோம்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.”

“யார் யாரு?”

“சந்தைல ஒருத்தர், பள்ளிக்கூடத் தெருவுல ஒருத்தர், மில்லுப் பக்கம் ஒரு அம்மா.”

“ஆத்தங்கரை?”

“நல்லவேளை, அங்கேருந்து யாரும் திட்டல.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. ஸ்பானர் பையைத் தூக்கினாள். “வண்டியை எடுடா. நாளைக்கு அணை திறக்கறாங்க.”

“திட்டாதவங்ககிட்ட எதுக்குக்கா போகணும்?”

வாசலைத் தாண்டுமுன் போன் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தாள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? ஆத்தங்கரைல மனுஷன் குடியிருக்க வேண்டாமா? அரை மணி நேரமா காது அடைச்சுக் கிடக்கு!”

“ரொம்ப நன்றிங்க. மாசாமாசம் இப்படியே திட்டுங்க!” அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள்.

தம்பி திருதிருவென்று விழித்தான்.

“கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல அப்பா வீடு வீடா ஆள் அனுப்பி, ‘சைரன் கேட்டுச்சா’ன்னு விசாரிப்பார். எல்லாரும் கேட்டுச்சுன்னாங்க. வெள்ளம் வந்த அன்னிக்குத்தான் அது ஊமைன்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் கம்பத்துக்குக் கம்பம் நம்ம நம்பரை எழுதிவெச்சார். கேட்டுச்சுன்னு பொய் சொல்லுவாங்க. சத்தமே கேக்காம எவனாவது திட்டுவானாடா?”