ரஷ்யக் குண்டும் அந்தோணியார் சப்பரமும்

கோயில் மணி அடித்ததும் ஆறு பேர் குனிந்து சப்பரத்தின் தண்டுகளைப் பிடித்தார்கள்.

முன்வரிசையில் இடப்பக்கம் சிலுவைமுத்து.

வருஷக்கணக்காக அது அவன் மாமனார் இன்னாசியின் இடம். அவருக்கு முழங்கால் போய்விட்டது. இனி மருமகனுக்குத்தான். எந்த மருமகனுக்கு என்பதே கல்மண்டபம் பேட்டை முழுக்கப் பேச்சு.

மூத்தவன் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இளையவன் சிலுவைமுத்து, அந்த மூட்டைகளுக்கு மையால் குறி போடுகிறவன்.

"இன்னா மாப்ள, பிரஷ்ஷு புடிக்கிற கையி. அந்தோணியாரத் தூக்குமா?" என்று கல்யாணப் பந்தியிலேயே கேட்டவர் இன்னாசி.

பாவம், அன்றைக்குப் பிரியாணி அவனுக்கு இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த ரஷ்யக் கப்பல் வந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மாலுமி ஒருவன் சிலுவைமுத்துவுக்குக் கொடுத்தது, பயில்வான்கள் தூக்கிப் பழகும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு.

கசரத்து பழகும் தாலீம்கானாவுக்கு அவன் போகவில்லை. முட்டை இல்லை, பாதாம் இல்லை, ஆளுயரக் கண்ணாடி இல்லை. கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே நிற்க இடம், ஒற்றைக் குண்டு. கால்களுக்கு இடையே கொண்டுபோய் நெஞ்சு வரை வீசுவான். திரும்ப வீசுவான். காபி கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

"குயந்தைக்குத் தூளி ஆட்றியா?" என்று மனைவி அடைக்கலமேரி சிரித்தாள்.

ஒரு நாள் குழாயடியிலிருந்து நிறைந்த அண்டாவைத் தனி ஆளாகத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தான். சிரிப்பு நின்றது. இன்னாசியும் பார்த்தார். இடம் இளையவனுக்கு என்று ஆயிற்று.

சப்பரம் எழுந்தது.

"பாத்தியா என் மாப்ளைய!" இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குதிகால் தரைல படாம நடக்கறான்யா! பூ மாரி தூக்கினு போறான்!"

மெய்தான். தெருத் தெருவாக நுனிக்காலிலேயே நடந்தான் சிலுவைமுத்து. கழுத்து நரம்பு புடைத்தது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலமேரி எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, அவன் சட்டையைக் கழற்றினாள்.

தோளில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

"எட்டல மேரி." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மத்த அஞ்சு பேரும் பனமரம். நுனிக்கால்ல நின்னாலும் தண்டுக்கும் தோளுக்கும் நடுவுல நாலு வெரல் கீது. கையால தாங்குனா சப்பரம் சாயுதுன்னு பின்னாடிக்காரன் திட்றான். தண்டுல சுத்துன மால மறைச்சிகிச்சி, யாரும் பாக்கல. அந்தக் குண்டு பலந்தான் குட்த்துச்சி. ஒசரம் குடுக்கலியே."

சந்து முனையில் இன்னாசியின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் தோளை எல்லோருக்கும் காட்ட ஆள் திரட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அடைக்கலமேரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரை எடுத்தாள். அவன் தோளில் வைத்து, கரிபிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்தாள்.

சிலுவைமுத்து போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன.

வாசலில் இன்னாசி நின்றார். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பெருமை.

"அந்தோணியார் கனம்னா சும்மாவாய்யா!"