ஒன்பது வருஷ இடைவெளி

உள்ள நுழைஞ்சதுமே எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

ஞாயித்துக்கிழமை அதுவுமா என் தங்கச்சி சாப்பாட்டு மேஜையில உக்காந்து லேப்டாப்பைத் தட்டிக்கிட்டிருக்கா. அது அவ புருஷனோட ஆபீஸ் லேப்டாப். மாப்பிள்ளை என்னடான்னா, சோபாவுல காலை நீட்டிக்கிட்டு ரெட்டைப் பசங்களுக்கு யானைப் படம் வரைஞ்சு கொடுத்துக்கிட்டிருக்கார்!

"மறுபடியும் அவர் வேலையாடி?"

"சின்ன வேலைதான்க்கா. இவங்க குடோன்ல ஒரே உதிரி பாகத்தை ரெண்டு நம்பர்ல ஏத்தியிருக்காங்க. அலமாரியில நாப்பது இருக்கு, கம்ப்யூட்டர் எண்பதுங்குது. எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்!"

சொல்லும்போதே முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பாவமா இருந்தது.

டேட்டாபேஸ்ல சிக்கல்னா ஆபீஸே இவளைத் தேடி வந்த காலம் ஒண்ணு உண்டு. பிரசவத்துக்காக வேலையை விட்டா. ரெண்டு வருஷத்துல திரும்பிடலாம்னு நினைச்சா, ஒன்பது வருஷம் ஓடிப் போச்சு. போன வருஷம் அஞ்சு இன்டர்வியூவுக்குப் போனா. பயோடேட்டாவுல தனக்குத் தெரிஞ்சதையெல்லாம் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தா. அஞ்சு இடத்துலயும் ஒரே கேள்விதான்.

"இதெல்லாம் கடைசியா எப்ப செஞ்சீங்க?"

அதோட அந்தப் பேச்சையே விட்டுட்டா. ஆனா மனசு விடுமா? போன் பண்ணா என் ஆபீஸைப் பத்தித்தான் கேப்பா. போனதும் முதல்ல என்ன செய்வே, பக்கத்து சீட்ல யாரு, இன்னிக்கு யாருக்கும் யாருக்கும் சண்டை? மீட்டிங் ஒரே அறுவைன்னு நான் அலுத்துக்கிட்டா, "எனக்கு அந்த அறுவை கிடைச்சாக்கூடப் போதும்க்கா"ம்பா. பசங்களை ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டு, கழுத்துல அடையாள அட்டையோட வேலைக்குப் போற பொம்பளைங்களை நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாளாம்.

அப்படி ஏங்குறவளைப் போய் எட்டு மாசமா சம்பளமில்லாத வேலைக்காரியா வெச்சிருக்கார் இந்த மனுஷன்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு ஆரம்பிச்சேன்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"எது அண்ணி?"

"இவ மண்டையை உடைச்சுக்கிட்டு செய்வா. நீங்க அலுங்காம குலுங்காம எடுத்துக்கிட்டுப் போய் ஆபீஸ்ல நல்ல பேர் வாங்கிக்குவீங்க. அப்படித்தானே?"

"அக்கா, விடுக்கா. அவருக்கு வரலைன்னு கேக்குறார்..."

"நீ சும்மா இரு. உன் தலையில மிளகாய் அரைக்கிறது உனக்கு எங்க தெரியப் போகுது!"

மாப்பிள்ளை எழுந்து உள்ள போனார். கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். ஒரு ஃபைலோட வந்து என் கையில கொடுத்தார்.

"நாளைக்கு இவகிட்ட கொடுக்கலாம்னு இருந்தேன் அண்ணி. செவ்வாய்க்கிழமை இவளுக்கு ஒரு இன்டர்வியூ. நான்தான் இதை அனுப்பி வெச்சேன்."

பிரிச்சுப் பாத்தேன். தங்கச்சியோட பயோடேட்டா. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அதுக்குப் பதிலா, எட்டு மாசத்துல அவ செஞ்ச பதினாறு வேலை. என்ன தேதி, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தா, அதனால என்ன பலன். எல்லாம் பளிச்சுன்னு இருந்தது. கீழே குடோன் மேனேஜரோட கையெழுத்து, போன் நம்பர்.

"மேனேஜர்கிட்ட முதல்லயே அனுமதி வாங்கிட்டேன் அண்ணி. ஒவ்வொண்ணையும் என் மனைவி செஞ்சதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். 'தெரியும்'னு எழுதினா யாரும் நம்பலை. செஞ்சதை எழுதினா நம்பித்தானே ஆகணும்?"

"இதை இவகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அஞ்சு தடவை அடிபட்டவ. பரீட்சைன்னு தெரிஞ்சா பயந்துடுவா. எனக்கு வரலைன்னு சொன்னா, நாலு திட்டு திட்டிட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவா."

தங்கச்சி ஃபைலை வாங்கி ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சா. கண்ணு நிறைஞ்சிடுச்சு.

"ஐயோ, இது தெரியாம உங்களை மக்கு மக்குன்னு திட்டினேனேங்க!"

"அதுல பாதி உண்மைதான்"ன்னார் மாப்பிள்ளை. பசங்க எதுக்குன்னு தெரியாமலே சிரிச்சாங்க.

எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியலை. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அவ குரல்ல அந்தப் பழைய துள்ளல்.

"அக்கா! ரெண்டு வருஷம் முந்தி உன் ஆபீஸுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, எந்தப் புகார் எத்தனை நாளா கிடக்குதுன்னு தானாவே காட்டுமே! அப்ப அதை ஒரு வேலைன்னே நினைக்காம இன்டர்வியூவுல சொல்லாம விட்டுட்டேன். இதெல்லாத்தையும்விட அதுதான்க்கா பெரிய வேலை. அதையும் சேத்துட்டா எனக்கு இந்த வேலை கிடைச்ச மாதிரிதான். இப்ப நீயே மேனேஜராச்சே, நான் செஞ்சதுன்னு ஒரு வரி எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கா!"

மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். வாங்கிக்கிட்டேன்.

அந்தப் புரோகிராமை நான் எழுதினதா சொல்லித்தான் போன வருஷம் மேனேஜரே ஆனேன்.