இருக்கைக்கு அடியில்

டாஷ்போர்டில் எரிந்த ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை.

"சீட் எவ்வளவு தள்ளியிருக்குன்னு சொல்ற சென்சார்தான் சார் வேலை செய்யல" என்ற மெக்கானிக், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தார்.

காருக்குச் சொந்தக்காரன் மனைவியை முறைத்தான். "நேத்து வண்டியத் தொடச்சது நீதானே? எதையாவது புடுங்கித் தொலைச்சியா?"

அவள் இருக்கைக்கு அடியில் நுழைந்த மெக்கானிக்கின் கையையே பார்த்தாள்.

வெகுநேரம் கழித்தே மெக்கானிக் தலையை வெளியே எடுத்தார். "எலி கடிச்சிருக்கு சார். எதிர்க்கடையில புது பிளக் வாங்கிட்டு வாங்க, மாட்டிடலாம்."

"இந்த எடத்த விட்டு அசையக் கூடாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவன் தெருவைக் கடந்தான்.

மெக்கானிக் உள்ளங்கையை விரித்தார். அவள் கழற்றிய பிளக்கில் சுற்றி வைத்திருந்த காகிதம்: 'வீட்டில் பூட்டி வைத்து அடிக்கிறார். காப்பாற்றுங்கள்.'

"பட்டறையோட பின்வாசல் திறந்திருக்கும்மா. அவரு வர்றதுக்குள்ள ஓடுங்க."