ஒட்டுவாரொட்டி

"எல்லாரும் பாத்துக்கங்க. இது புழுவெட்டு. ஒட்டுவாரொட்டி."

மருமக தலையைக் குனிய வச்சுப் படிக்கட்டுல நின்னவங்களுக்கெல்லாம் காட்டினா மாமியார். உச்சியில கையகலத்துக்கு முடி இல்ல. அதுக்கு மேல மாமியாரே அப்பின வெள்ளைக் களிம்பு. மருமக முகத்தைப் பொத்திக்கிட்டா.

மாமியார் வாயைத் திறந்தா அந்தக் கட்டடத்துக்கு மைக் வேணாம். எல்லா மாடியிலயும் கதவு திறந்தாச்சு.

ஓசி வைத்தியத்துக்குக் கேக்கணுமா? ஈரத்தலையோட பின்னிப் போட்டா இப்படித்தான் கொட்டும்னு ஒருத்தி. மொட்டை போட்டா காடு மாதிரி முளைக்கும்னு இன்னொருத்தி. வெங்காயச் சாறு தேய்ச்சா கண்டிப்பா முளைக்கும், அனுபவத்துல சொல்றேன்னாரு மேல் மாடி பெரியவர். அவர் தலையில மழை பெஞ்சா ஒரு சொட்டு தங்காது.

கீழ் வீட்டு நர்ஸுக்குத்தான் பொறுக்கல. டியூட்டிக்குக் கிளம்பினவங்க பையைக் கீழ வச்சுட்டு மேல ஏறி வந்தாங்க. புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, பேருதான் அப்படி, யாருக்கும் ஒட்டாதுன்னாங்க. "இங்க வாம்மா, நான் பாக்கறேன்."

சட்டுன்னு ஒரு துண்டை எடுத்து மருமக தலையை மூடினா மாமியார். "உன் ஆஸ்பத்திரிப் பேச்சை அங்கயே வச்சுக்க. ஒட்டினா போகப் போறது என் புள்ள முடி."

அந்தப் புள்ள கதவோரமா நின்னுக்கிட்டிருந்தான். கார் ஜன்னல், கண்ணாடி, சாப்பிடற கரண்டி, எதுல முகம் தெரிஞ்சாலும் தலையைக் கோதிக்கிற ஆளு. பொண்டாட்டியை ஒரு நாள்கூட அவ அம்மா வீட்டுக்கு அனுப்பினதில்ல. அவ இல்லாம என்னால இருக்க முடியாதும்பான். கட்டடத்துல அவனுக்குப் பாசக்காரன்னு பேரு.

"அம்மா, நிஜமாவே ஒட்டுமா?" அவன் கை தன்னால தலைக்குப் போச்சு.

"உன் சித்தப்பாவுக்கு எப்படிப் போச்சுன்னு நெனைக்கிற? ஒரே சீப்பு. புருவத்தைக்கூட விடல."

புருவத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டான். எத்தனை நாளைக்கு இவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பணும்னு கேட்டான். முளைக்கிற வரைக்கும்னா மாமியார். போன்ல வேணா பேசிக்க, கிட்டப் போகாதன்னா.

அவன், மாமியார் கட்டி வச்சிருந்த அவ பெட்டியைக் கையால தொடாம, காலாலயே வாசலுக்குத் தள்ளிவிட்டான்.

"கூட்டிட்டுப் போ."

படிக்கட்டே உச்சுக் கொட்டிச்சு. முடி போனா மருமகளும் போகணுமா, இவளும் ஒரு பொம்பளையான்னு ஆளாளுக்கு முணுமுணுத்தாங்க. நர்ஸ், மாமியார் முகத்துக்கு நேராவே கேட்டாங்க. "உங்க வயித்துல ஒரு பொண்ணு பொறந்திருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

மாமியார் வாய் மூடி இருந்ததைக் கட்டடம் அன்னிக்குத்தான் பாத்துச்சு.

டாக்சியில, ஒட்டிக்கும்னு ஊரைக் கூட்டினவ மருமக தோள்ல இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. தெருமுனை தாண்டுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பின்னாடியே பாத்தா. தாண்டினதும் தன் சீப்பாலயே, களிம்பு படாம, மருமக முடியை மெதுவா ஒதுக்கிவிட்டா.

மருமக டிரைவருக்குக் கேக்காத குரல்ல சொன்னா. "அத்தை, இது புழுவெட்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்டி. புழுவெட்டுல ரத்தம் கட்டாது. நேத்து உன் முடியைப் புடிச்சு இழுத்தவனுக்குக் கையோட கொத்தா வந்துச்சில்ல? அப்படி வந்தா வேரைப் புழு தின்னிருக்குன்னேன். நம்பிட்டான். அந்த நர்ஸ் தொட்டுப் பாத்திருந்தா எல்லாம் கெட்டிருக்கும். அவ பேச்சைக் கேட்டு இவன் பயம் தெளிஞ்சிருப்பான்."

"அவரு எங்க அம்மா வீட்டுக்கே வந்து நின்னா?"

"எப்ப கேட்டாலும் முளைக்கலன்னே சொல்லு. உசுருக்குப் பயப்படாதவன், முடிக்குப் பயப்படுவான்."

"நீங்க ஏன் அத்தை எனக்காக இவ்வளவு கெட்ட பேரு..."

மாமியார் கொண்டையை அவுத்தா. நரைமுடியை விலக்கித் தலையைக் குனிஞ்சு காட்டினா. நடு உச்சியில ஒரு பழைய தழும்பு, வழவழன்னு. ஒத்தை முடி இல்ல.

"இது இவன் அப்பன் இழுத்தது. என் மாமியார் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா."